கொம்பிறசர் எரிந்தால் எனக்கு லாபம்

போன மாதம் ஹரோவில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு தம்பி வந்து இருந்தார். அவரும் என்னைப் போல கடைகளுக்குப் பிறிட்ஜ், பிறீசர் திருத்துகிற ஆள். தொழிலுக்கு வந்து மூன்று நாலு வருசம்தான் இருக்கும். கொஞ்ச நேரம் வான் விலை, பார்க்கிங் ரிக்கற் என்று கதைத்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, ஒண்டு கேக்கவேணும். கடைக்காரருக்கு நீங்கள் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துக்கொண்டு திரிஞ்சா, நாங்கள் என்னத்தை உழைக்கிறது?"

நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பாயாசம் வந்தது, கதையும் மாறிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளை கேட்டது விசர்க் கேள்வி அல்ல. இருபத்தைந்து வருசத்துக்கு முன்னர் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தது மட்டுமல்ல, அப்படித்தான் உழைத்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டது 1993 இல். அதற்கு முந்தின மூன்று வருசமும் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1990 இல் கரண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். தண்ணீர் இறைக்கிற மெசினும் அப்படித்தான். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தோம். இந்த வித்தைகளை முதல் முதல் கண்டுபிடித்தது யார்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒருவர் செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார், அடுத்த கிழமை அடுத்த ஊருக்குப் போய்விட்டது. சைக்கிள் கடைக்காரர்கூட "இதைச் சொன்னால் என்ர பிழைப்புப் போய்விடும்" என்று ஒளிக்கவில்லை. சொல்லித் தந்த கடைக்குத்தான் நாங்களும் திரும்பத் திரும்பப் போனோம்.

அந்த ஊரிலிருந்து லண்டனுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். இரவில் பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்துகொண்டு, பகலில் ஒரு பிறிட்ஜ் மெக்கானிக்குக்கு உதவியாளாகப் போனேன். அவரும் நம்மட ஆள்தான். மெசினின் கீழ்ப்பலகையைக் கழற்றும் வரைக்கும் நான் வேணும். கழற்றினதும் "தம்பி, போய் ரீ வாங்கிக்கொண்டு வாரும்" என்பார். நான் ரீயோடு வர வேலை முடிந்து, பலகை பூட்டியிருக்கும். எட்டு மாதம் போனேன். நல்ல ரீக்கடை எது என்று மட்டும் வடிவாகப் படித்தேன்.

பெற்றோல் ஸ்டேசனுக்கு எதிரே பேப்பர் கடை வைத்திருந்தவர் ஒரு குஜராத்திக் கிழவர். உகண்டாவிலிருந்து வந்தவர். 1972 இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளுக்குள் வெளியே போகச் சொன்னபோது பிரித்தானியாவுக்கு வந்த 27,000க்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். விடிய நாலு மணிக்குப் பேப்பர் கட்டு அவிழ்க்க வருவார். குளிருக்குள் நிற்கிற என்னோடு கதைப்பார். பின்னேர வகுப்பாகக் குளிரூட்டல் தொழில் படிக்கலாம் என்று சொல்லிக் கல்லூரியின் பெயரை எழுதித் தந்தது அவர்தான். சொந்தமாகத் தொழில் தொடங்கினால் மாதத்துக்கு ஒரு கடித உறை வைத்து றிசீற்றுகளைப் போட்டு வை, வரிக் கணக்கை ஜனவரி 31க்கு முன்னர் அனுப்பு, சொலிசிற்றர் பார்க்காமல் எந்த லீசிலும் கையெழுத்து வைக்காதே என்று சொன்னதும் அவர்தான். அவருக்கு என்னிடம் விற்க ஒன்றும் இருக்கவில்லை. நான் அவரிடம் வாங்கினது அதிகம் போனால் ஒரு சொக்கலேற்.

2001 இல் பழைய வான் ஒன்று வாங்கிச் சொந்தமாகத் தொடங்கினேன். இப்போது என் வெட்கத்தைச் சொல்கிறேன்.

கடைப் பிறிட்ஜில் வருகிற கோளாறுகளில் கனக்க ஒரே கோளாறுதான். கொண்டென்சரில் தூசி. மெசினின் அடியில் வரிவரியாக இருக்கிற பகுதி அது. உள்ளே இருந்து எடுத்த சூட்டை அதுதான் வெளியே விடுகிறது. காட்பொர்ட் பெட்டித் தும்பும் தெருத் தூசியும் அதில் கம்பளிபோலப் படிந்துவிடும். சூடு வெளியே போகாது. கொம்பிறசர் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கொம்பிறசர் எரியும். கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பிறஷ் ஒன்றால் வரியோடு வரியாகத் தட்டி, வக்கியூம் பிடித்தால் பத்து நிமிட வேலை. அதற்கு நான் வாங்கினது 60 பவுண்.

மிச்சத்தில் ஒரு அக்காவின் கடை. அண்ணைக்கு வருத்தம், அவ தனியத்தான் பார்த்தா. ஒரு வருசத்துக்குள் மூன்று தரம் கூப்பிட்டா. மூன்று தரமும் நான் பலகையைக் கழற்றி, அவ அந்தப் பக்கம் போனதும் பிறஷால் தட்டி, பூட்டி, 60 பவுண் வாங்கினேன். அதாவது எனக்கு ரீ வாங்கப் பழக்கின முதலாளியாக நானே மாறிவிட்டேன்! மூன்றாம் தரம் காசைத் தரும்போது அவ கேட்டா:

"தம்பி, இது அடிக்கடி பழுதாகுது. ஒவ்வொரு முறையும் பால், தயிர் எல்லாம் கொட்டவேண்டிக் கிடக்கு. கடையை வித்துப்போட்டுப் போகலாமோ எண்டு யோசிக்கிறன்."

அந்த 60 பவுணும் கைக்குள் சுட்டது. வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அன்றைக்குத் துணிவு வரவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனால் அவவைக் கூப்பிட்டு, பலகையைத் திரும்பக் கழற்றிக் காட்டினேன். "அக்கா, மாதத்தில ஒருக்கா இப்பிடிச் செய்யுங்கோ, என்னைக் கூப்பிடத் தேவையில்லை" என்று பிறஷையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டு மாதம் அவவிடமிருந்து ஒரு போனும் இல்லை. அந்த நேரம் எனக்கு வாடகை கட்டுவதே கஷ்டம். "நல்லவனாயிருந்து நாசமாய்ப் போனாய்" என்று என்னை நானே ஏசினேன். ஒன்பதாம் மாதம் ஒரு போன் வந்தது, அவவிடமிருந்து அல்ல. ரூட்டிங்கில் ஒரு கடைக்காரர். "அந்த அக்கா சொன்னவ, நீர் ஏமாத்தாத ஆளாம்" என்றார். அடுத்த கிழமை இன்னொருவர். வருசம் முடிய அவவின் சொல்லால் ஐந்து கடை வந்தது. அதில் மூன்று இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. அவவே பெரிய பிறீசர் அறை ஒன்று போட்டபோது வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை.

இதை நான் தந்திரமாகச் செய்யவில்லை, வெட்கத்தில்தான் செய்தேன். ஆனால் அன்றைக்கு ஒரு கணக்கு விளங்கியது. பத்து நிமிட வேலையை ஒளித்து வைத்து வருசத்துக்கு 180 பவுண் உழைக்கிறவனை ஒரு நாள் கடைக்காரர் பிடித்துவிடுவார். பிடிக்காவிட்டாலும், "இந்த ஆள் வந்தால் செலவு" என்றுதான் நினைப்பார். சொல்லிக் கொடுத்தவனைப் பற்றி "இந்த ஆள் சொன்னால் உண்மை" என்று நினைப்பார். பெரிய வேலை வரும்போது எந்த ஆளைக் கூப்பிடுவார்?

அதற்குப் பிறகு ஒரு தாளில் தமிழில் எழுதிப் பிரதி எடுத்து, போகிற கடையெல்லாம் பிறிட்ஜ் பக்கத்தில் ஒட்டினேன். கடை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றால் இங்கேயும் எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை கொண்டென்சரைத் துப்பரவாக்குங்கள். தகடு வெட்டும், கையுறை போடுங்கள். கதவு இறப்பரைப் பார்க்க, ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். இலேசாக வந்தால் இறப்பர் போய்விட்டது. கதவில்லாத சில்லரில் கோட்டுக்கு வெளியே சாமான் அடுக்காதீர்கள். குளிர் காற்று மேலிருந்து கீழே ஒரு திரைபோல விழுகிறது, போத்தல் துருத்திக்கொண்டு நின்றால் அந்தத் திரை கிழியும். இரவில் மறைப்பை இழுத்து விடுங்கள். பிறீசர் ஐஸைக் கத்தியால் கொத்தாதீர்கள், குழாயில் ஓட்டை விழுந்தால் காஸ் போய்விடும். மெசினை நிறுத்தி உருக விடுங்கள். குளிர்ச் சாப்பாடு 8 பாகைக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். 5 பாகையில் வைத்தால் நிம்மதி. பிறீசர் மறை 18. ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், கவுன்சில் ஆள் வந்தால் அதுதான் உங்களுக்குச் சாட்சி. காஸிலும் கரண்ட் வயரிலும் மட்டும் கை வைக்காதீர்கள். அதற்குச் சான்றிதழ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவையும் சொல்லி நான் பட்டினி கிடக்கவில்லை.

2020 இல் இன்னொரு கூத்து நடந்தது. பழைய பிறிட்ஜ்களில் இருக்கும் ஆர்404ஏ என்ற காஸுக்கு அந்த வருசம் ஜனவரி 1 இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. அந்தக் காஸ் ஒரு கிலோ வெளியேறினால் 3,922 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். அதனால் 40 தொன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவோ அதற்கு மேலோ காஸ் உள்ள மெசின்களுக்குப் புதிய ஆர்404ஏ ஊற்றக்கூடாது என்றார்கள். கணக்குப் பார்த்தால் அது 10 கிலோவுக்கும் சற்றுக் கூட. மூலைக்கடைகளில் பிளக்கில் குத்தி ஓடுகிற சில்லரில் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகூட இராது. ஆனால் சிலர் கடை கடையாகப் போய் "உங்கட காஸைத் தடை செய்துவிட்டார்கள், மெசினை மாத்தவேணும்" என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். தெரியாதவனுடைய பயத்தில் நடக்கிற வியாபாரம். நான் என்ர கடைக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்து, "உங்கட மெசினுக்கு அந்தத் தடை இல்லை, அவசரப்படாதேங்கோ. ஆனால் அந்தக் காஸ் விலை கூடினது, ஒழுக்கு வந்தால் நிரப்பிக்கொண்டு இருக்காமல் மாத்திறதைப் பற்றி யோசியுங்கோ" என்று உண்மையை முழுதாகச் சொன்னேன். அந்த வருசம் எனக்கு மெசின் விற்ற வருமானம் குறைவுதான். 2022 இல் கரண்ட் விலை ஏறியபோது, வீடுகளுக்கு இருந்த விலை உச்சவரம்பு கடைகளுக்கு இல்லாதபடியால் எல்லாரும் அந்தரப்பட்டார்கள். அப்போது "எந்த மெசினை வைச்சிருக்கிறது, எதை மாத்திறது?" என்று கேட்டு முதலில் வந்த போன் எல்லாம் எனக்குத்தான்.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் மனம் கஷ்டப்படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் 2007 இல் நல்ல குட்வில் காசு கொடுத்து ஒரு கடை எடுத்தார். பத்து வருச லீஸ். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. லீஸ் முடிந்தாலும் வியாபாரம் செய்கிறவருக்குத் தொடர்ந்து இருக்கவும் புது லீஸ் கேட்கவும் உரிமை உண்டு. மறுக்க வேண்டுமென்றால் சட்டத்தில் சொன்ன காரணம் ஒன்று கட்டிடக்காரரிடம் இருக்கவேண்டும். ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்தும் லீஸ் எழுதலாம். 2004 இல் இருந்து அதற்கு நீதிமன்றம் போகவும் தேவையில்லை. கட்டிடக்காரர் ஒரு எச்சரிக்கை அறிவித்தல் கொடுப்பார், எடுக்கிறவர் "தெரிந்துதான் விடுகிறேன்" என்று கையெழுத்து வைப்பார். நம்மட ஆள் கட்டுக் காகிதத்துக்குள் அதிலும் வைத்துவிட்டார். 2017 இல் லீஸ் முடிந்தது. கடையைத் திருப்பித் தரச் சொன்னார்கள். பத்து வருசமாகக் கட்டி வளர்த்த கடை, அடுக்கு, வாடிக்கை எல்லாம் போய், ஒரு சதம் நட்டஈடும் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் அவர் திரும்பவும் இரவு வேலைக்குப் போனார்.

பிறகு ஒருநாள் அதே தெருவில் கடை வைத்திருக்கும் இன்னொருவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கட்டிடக்காரன் அப்பிடித்தான் எழுதுவான். எனக்கு முதலே தெரியும். நான் அதை வெட்டிப்போட்டுத்தான் எடுத்தனான்." பத்து வருசம் ஒரே கோயிலில் தேர் இழுத்தவர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போட்டிக் கடை என்று சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் பெரிய சங்கிலிக் கடை ஒன்று வந்து, அவருடைய வியாபாரமும் பாதியாகிவிட்டது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாக வைத்திருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1999 இலிருந்து 2015 வரை, ஹொரைசன் என்ற கணினிக் கணக்கின் பிழையால் 900க்கு மேற்பட்ட உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் ஆசியர்களும் கனபேர். பலருக்குச் சொல்லப்பட்டது ஒரே பொய்: "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." அதை நம்பி வெட்கத்தில் வாய் மூடி இருந்தார்கள். 2009 இல் அலன் பேற்ஸ் போன்றவர்கள் ஒரு கிராம மண்டபத்தில் கூடித் தங்கள் கணக்கை ஒருவருக்கொருவர் சொன்ன பிறகுதான் பொய் உடையத் தொடங்கியது. 2019 இல் 555 பேர் போட்ட வழக்கில் நீதிமன்றம் அந்தக் கணினியின் குறைகளை ஏற்றுக்கொண்டது. 2024 இல் தீர்ப்புகளை ரத்துச் செய்யச் சட்டமே வந்தது. கடைக்காரரும் கடைக்காரரும் கதைக்காததன் விலை சிலருக்குச் சிறை.

சரி, அப்படியென்றால் சொல்லித் தருகிறவர் எல்லாரும் நல்லவரோ? இல்லை. கோயில் மண்டபத்தில் "இலவச ஆலோசனை" என்று கதிரை போட்டு, கடைசியில் ஒரு காப்புறுதிப் பத்திரத்தை நீட்டுகிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அது தூண்டிலில் குத்தின புழு. நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: கேட்கிறவர் உங்களிடம் ஒரு சதத்துக்கும் ஒன்றும் வாங்காமல் போனாலும், நீங்கள் சொன்னது அவருக்கு உதவுமா? உதவும் என்றால் அது அறிவு. உங்களிடம் வாங்கினால்தான் உதவும் என்றால் அது விளம்பரம்.

இதற்கு எல்லையும் உண்டு. இறைக்கிற கிணறு ஊறும் என்று ஊரில் சொல்வோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மெசின் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை. வானில் ஏறி வந்து செய்தால் காசு வாங்குவேன், சொந்தக்காரர் என்றாலும். முதலில் இந்த வித்தியாசம் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஓசியில் ஓடித் திரிந்து மனிசியிடம் வாங்கிக் கட்டினேன்.

நட்டமும் பட்டிருக்கிறேன். என்னிடம் எல்லாம் பழகின ஒரு பெடியன் ஒன்றரை வருசத்தில் தனியாகப் போய், என்ர இரண்டு கடையையும் கொண்டுபோனான். கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வருசம் கழித்து நான் முதுகு நோவில் ஆறு கிழமை படுக்கையில் கிடந்தபோது, என்ர கடைகளைப் பார்த்துத் தந்ததும் அவன்தான். ஒன்றையும் தன் பக்கம் இழுக்கவில்லை. அவனுக்கு ரீ வாங்க மட்டும் பழக்கியிருந்தால் அந்த ஆறு கிழமையோடு என்ர தொழில் முடிந்திருக்கும்.

குஜராத்திக் கிழவர் கடையை விடும் வரைக்கும் அவருடைய பிறிட்ஜை நான்தான் பார்த்தேன். காசு வேண்டாம் என்றாலும் விடமாட்டார், எண்ணி வைத்துவிடுவார். றிசீற்றும் கேட்பார், கடித உறைக்குள் போட!

ஆகவே தம்பி, நீர் கேட்டதற்குப் பதில் இதுதான். கொம்பிறசர் எரிந்தால் எனக்கு ஒருநாள் லாபம். எரியாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தால், அந்தக் கடை இருக்கும் வரைக்கும் எனக்கு வேலை இருக்கும். கடையே போய்விட்டால் நீர் எதைத் திருத்துவீர், நான் எதைத் திருத்துவேன்?

கலியாணம் முடிந்து நாலாம் நாள் அவரே போன் எடுத்தார். ஒரு மெசினில் திரும்பத் திரும்ப ஐஸ் பிடிக்கிறதாம், எங்கே பிழை என்று பிடிபடவில்லையாம். கேட்கவும் கூச்சம், கேட்காமலும் இருக்கேலாது என்பது குரலிலேயே தெரிந்தது. அரை மணித்தியாலம் கதைத்தோம். மெசின் உருகிக் கரைகிற நேரத்தைக் கட்டுப்படுத்துகிற ரைமர் பிழைத்திருந்தது. வெல்லும்போது, "அண்ணை, எவ்வளவு தரவேணும்?" என்று கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம். அந்தக் கடைக்காரருக்கும் அதைக் காட்டிவிடும்" என்றேன்.